வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகாது

"லைட் எரியலை" என்று ஒருவர் போடுவார். "எங்க பக்கமும்தான்" என்று நாலு பேர். அப்புறம் கோப முகங்கள், அதன்மேல் மறுநாள் காலை வணக்கப் படங்கள். விளக்கு அப்படியேதான் இருக்கும். தெருவே புலம்பியிருக்கும், ஒருவர்கூட எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். குடியிருப்போர் நலச் சங்கத்தின் முதல் வேலையே இந்தப் புலம்பலை மனுவாக மாற்றுவதுதான்.

விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு பேர் தெருவை ஒரு சுற்று நடந்து, எரியாத கம்பங்களின் எண்ணைக் குறித்து வரவேண்டும். "முக்குல இருக்கிற கம்பம்" என்று எழுதினால், பகலில் வரும் பணியாளருக்கு எல்லாக் கம்பமும் ஒன்றுதான். எப்படிப் பழுது என்பதையும் எழுதுங்கள். ஒற்றை விளக்கு அணைந்திருந்தால் பெரும்பாலும் அந்த விளக்கிலேயே கோளாறு. வரிசையாக நாலைந்து அணைந்திருந்தால் கேபிளையோ சுவிட்ச் பெட்டியையோ பார்க்க வேண்டும். பகலிலும் எரிந்தால் டைமரைச் சந்தேகிக்கலாம். இதைச் சொல்லிவிட்டால் வருகிறவர் சரியான சாமானோடு வருவார்.

ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. விளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று பிரிவும் அதை அடுத்த மேசைக்குத் தள்ளும். ஒப்புகை எண்ணும் தேதியும் சங்க நோட்டில் ஏற வேண்டும். பதில் இல்லையென்றால் புது மனு போடாதீர்கள். பழைய எண்ணைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு எழுதுங்கள். புதிது போட்டால் காத்திருந்த நாளெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும்.

மழைநீர் வடிகால் தூர்வாருவதில் வருடா வருடம் நடக்கும் கூத்து வேறு. அள்ளிய வண்டலை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள், முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். நீர் வடிய ஓரிரு நாள் விடலாம், அதற்குமேல் கூடாது. ஆகவே மனுவில் "தூர்வார வேண்டும்" என்று நிறுத்தாமல் "வண்டலை அப்புறப்படுத்தவும் வேண்டும்" என்று சேர்த்து எழுதுங்கள். வேலை கீழ்முனையிலிருந்து தொடங்குகிறதா என்றும் பாருங்கள். கீழே அடைத்திருக்க மேலே மட்டும் சுத்தம் செய்தால் தண்ணீர் எங்கே போகும்?

சங்கம் இல்லாமல் முடியவே முடியாத வேலை ஒன்று உண்டென்றால் அது கொசு ஒழிப்பு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதாவது உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் தெருக் கொசுதான். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், எல்லா வீட்டிலும் தேங்கிய நீரைக் கொட்டினால் அந்தச் சுழற்சி அறும். பத்து வீடு செய்து பதினோராவது வீட்டு மாடியில் பழைய டயர் கிடந்தால் பலன் பாதிதான். கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவைத் தொடாது. ஆனாலும் எல்லாரும் கேட்பது புகை வண்டியைத்தான். கண்ணுக்குத் தெரிகிறதல்லவா!

சங்கங்கள் ஆர்வக்கோளாறில் செய்யும் தப்பு, தாங்களே சிமெண்ட் கொட்டி வேகத்தடை போடுவது. முறையான வேகத்தடைகளில் ஒன்றான, வாட்ஸ் வகை எனப்படும் வளைந்த மேட்டுக்கு வண்டி போகும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளம், 7.5 முதல் 10 சென்டிமீட்டர் உயரம். நாம் போடுவதோ ஓரடி அகலத்தில் ஒரு திண்டு. கார்க்காரர் வேகத்தைக் குறைக்கிறாரோ இல்லையோ, பைக்கின் பின்சீட்டில் இருப்பவர் முதுகு போகும். மழைநீர் ஓட்டமும் அங்கே தடைபடும். அனுமதி, எச்சரிக்கைப் பலகை, பெயிண்ட் எதுவும் இல்லாமல் போட்டு யாராவது விழுந்தால் பழி சங்கத்தின்மேல்தான்.

சந்தா பாக்கி பற்றி ஒன்று. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், பாசனம், மீன்பிடி போன்ற பொதுவளங்களை மக்களே நிர்வகித்த ஏற்பாடுகளை ஆராய்ந்தவர். நீண்டகாலம் நிலைத்தவற்றில், விதி போடுவதில் அதற்குக் கட்டுப்படுபவர்களுக்கும் பங்கு இருந்தது. மீறலுக்குத் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது என்று கண்டார். நம் ஆட்களோ முதல் மாதமே பாக்கிதாரர் பட்டியலைக் குழுவில் போட்டு மானத்தை வாங்குவார்கள். பட்டியலில் பெயர் வந்தவர் அதோடு கூட்டத்துக்கே வருவதை நிறுத்திவிடுவார். முதலில் தனியாக ஒரு வார்த்தை, பிறகு கடிதம், அதன்பின்தான் பொதுக்குழு. கேட்கும் முன்னால் வரவு செலவை மாதந்தோறும் ரசீது எண்ணோடு பலகையில் ஒட்டுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரியாதவர் தராமலிருப்பதில் நியாயம் உண்டு.

கடைசியாக, செயலாளர் மாறும்போது பாதிச் சங்கங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன. மனு நோட்டு, தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டு, நிலுவை வேலைகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட்டுக் கைமாற்றுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத்தை அந்த வாரமே முடியுங்கள், இல்லாவிட்டால் வீடு மாறிப் போன பழைய பொருளாளரைத் தேடி ஒவ்வொரு காசோலைக்கும் அலைய வேண்டிவரும்.