அந்த 14 நட்சத்திரங்களை ஏன் பின்வராந்தாவுக்குக் கொண்டுபோனீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், படமும் கைக்குக் கை போய்விட்டது. அதனால் முழுக்கதை எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்காகப் பிள்ளைகள் செய்த 14 மூங்கில் நட்சத்திரங்களை, ரங்கூனில் நம் கோவில் கூடத்தின் முகப்பிலிருந்து கழற்றி, பின்வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். முகப்பில் கடையில் வாங்கிய 3 பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். ஏன் என்று கேட்டால், "வெளியாட்கள் வருகிற நாள், கோணலும் மாணலுமாகத் தொங்கினால் நமக்குத்தானே அசிங்கம்" என்று பதில் வந்தது.

அந்த அசிங்கம் என்ற சொல் மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கிறிஸ்துமஸ் வேலையில் அவர்கள் கை பட வேண்டும். வீட்டிலும் பட வேண்டும், கோவிலிலும் பட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கூட்டிவந்து வேடிக்கை பார்க்க உட்கார வைத்தால் அது பெரியவர்களின் பண்டிகை.

கோணல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஒரு நட்சத்திரத்துக்கு 60 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலத்தில் 10 மூங்கில் சிம்புகள் வேண்டும். கணு நடுவில் வந்தால் சிம்பு வளையாது, ஒடியும். கணு ஓரத்துக்கு வருகிற மாதிரி பார்த்து வெட்ட வேண்டும். வெட்டுவதும் சீவுவதும் பெரியவர்கள் வேலை. சீவிய பிறகு உப்புத்தாளால் தேய்க்காமல் கொடுத்தால் பிள்ளைகள் விரலில் சிலாம்பு ஏறிவிடும். 5 சிம்புகளை, கையெடுக்காமல் நட்சத்திரம் வரைகிற வரிசையில், ஒன்றுக்கு மேலும் கீழுமாகக் கோத்து, 5 முனைகளிலும் உள்ளே வெட்டிக்கொள்கிற 5 இடங்களிலும் கட்ட வேண்டும். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டி, உள்ளே உள்ள 5 சந்திப்புகளிலும் 9 செ.மீ. குச்சியை நிறுத்தினால் நடுவயிறு உப்பி எழும்பும். குச்சியை 15 செ.மீ. என்று நீட்டினால் முனைக்கட்டு தெறித்துவிடும். 5 செ.மீ. என்று குறைத்தால் பல்பு தாளைத் தொடும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தைத் தாள் ஒட்டாமல் விட வேண்டும், பல்பு உள்ளே போகிற வழி அது. 5 வாட்டுக்கு மேற்படாத எல்இடி பல்பு போதும். பழைய குண்டு பல்பு சூட்டில் தாள் கருகும்.

6 வயதுப் பிள்ளைக்கு நூல்முடிச்சு நிற்காது. முதலில் ரப்பர் பேண்டால் சந்திப்பைப் பிடித்துக்கொடுத்து, அதன்மேல் நூலைச் சுற்றச் சொல்ல வேண்டும். நாலு சுற்று சுற்றி இழுக்கும்போது சிம்பு அரை விரற்கடை நகரும். அந்த அரை விரற்கடைதான் நீங்கள் பார்த்த கோணல். நான் திரும்பக் கட்டியிருந்தால் நேராக வந்திருக்கும். கட்டவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். பிள்ளை போட்ட முடிச்சை நாம் அவிழ்த்துக் கட்டிய அந்த நிமிஷமே அது நம்முடைய நட்சத்திரமாகிவிடுகிறது. இனி ஒரு முடிச்சும் தானாகப் போடாது, நம்மிடமே நீட்டும்.

பசை இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு. மூன்று மேசைக்கரண்டி மைதாவை ஒரு குவளைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும், கட்டி இருந்தால் பட்டத்தாள் அந்த இடத்தில் கிழியும். கண்ணாடிபோல மாறினதும் இறக்கி நன்றாக ஆறவிட வேண்டும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுகிற பழைய வழக்கம் சிலருக்கு உண்டு. பிள்ளைகள் கைபடுகிற பசையில் அதைப் போடவே கூடாது, விஷம். 3 வயதுக் குழந்தை விரலால் பசையைச் சிம்பில் தடவும். அது போதும், அதுவும் கைவேலைதான்.

ஒன்று நினைவுபடுத்துகிறேன். உலகமெங்கும் விற்கிற அந்த முள்முள்ளான மொராவியன் நட்சத்திரம் இருக்கிறதே, அது 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையாரின் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு வடிவக்கணிதம் புரியச் செய்யவைத்த காகிதவேலை. பிறகுதான் தொழிற்சாலைக்குப் போனது. பிள்ளைகள் கையில் பிறந்ததைப் பிள்ளைகள் கையிலிருந்து பறித்துக் கொண்டுபோய்த் தொட்டிக்கு மேலே மாட்டுகிறோம்.

"வீட்டில் செய்யட்டுமே அக்கா, கோவிலில் எதற்கு" என்று ஒருவர் கேட்டார். சரி, வீட்டுக்கே வருகிறேன்.

ரங்கூன் டிசம்பருக்கு ஐரோப்பாவின் வெண்பனி வேண்டியதில்லை. மரத்தில் பஞ்சு ஒட்டுகிறவர்கள் தயவுசெய்து பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள், பஞ்சு நொடியில் பிடித்துக்கொள்ளும். நம் மொழியில் பனி என்றால் முதலில் மார்கழிப் பனிதான். விடியற்காலை 18, 19 டிகிரியில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்கிற காலம். தகரக்கூரையில் சொட்டுகிற அந்தப் பனியைத் தொட்டுக் காட்டுங்கள். அதே பனிதான் மைதாப் பசையை இளக்கும், எனவே தாள் நட்சத்திரத்தை இறவாரத்துக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள். வெளியில்தான் மாட்ட வேண்டுமென்றால் பட்டத்தாளுக்குப் பதில் கண்ணாடித்தாள். ஆனால் கண்ணாடித்தாளில் மைதாப் பசை பிடிக்காது, டேப்தான் ஒட்ட வேண்டும்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்ப்பது 4 வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் செய்கிற வேலை. சமையலறையில் இருக்கிற கடுகும் வெந்தயமும் போதும். டிசம்பர் 14ஆம் தேதி இரவு வெந்தயத்தை ஊறப்போட்டு, 15ஆம் தேதி காலையில் ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரற்கடை மண் பரப்பித் தூவ வேண்டும். கடுகை ஊறப்போட வேண்டாம், கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் ஈரத்துணி மூடி, முளை தெரிந்ததும் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். டம்ளரால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடும், அதனால் பிள்ளை கையை நனைத்து உதறட்டும், காலை ஒன்று மாலை ஒன்று. டிசம்பர் முதல் வாரமே போட்டுவிடுகிறவர்கள்தான் "மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது" என்கிறார்கள். 10 நாளுக்குமேல் நிற்காது. வெள்ளைப் பூசணம் கண்டால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் குடில் வைத்தபோது வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் உயிரோடு நிறுத்தினார். நாம் ஒரு தட்டுப் புல்லாவது உயிரோடு வைப்போம்.

"நேரம் எங்கே அக்கா? வேலைக்குப் போய்விட்டு வந்தால் கரண்டும் இருக்காது" என்று எழுதிய தங்கைக்கு நான் உண்மையிலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவள். இது பொய்க்காரணம் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் தண்ணீர் பிடித்து, சமைத்து, மறுநாள் துணி தேய்த்து வைத்து ஒரு தாய் படுக்க எத்தனை மணி ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் போய் ஒரு நாள் முழுக்கப் பலகாரம் சுடு என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு 10 நிமிஷம் போதும். 1839இல் ஹம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த யோஹான் விக்கர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் பழைய வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்தி வரிசை வைத்தார். வாரநாளுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற திருவருகைக் கால வளையம் அங்கிருந்து வந்தது. நம் அடுக்குமாடி வீட்டில் தினம் நெருப்பு வேண்டாம். சுவரில் சாக்பீஸால் சக்கரம் வரைந்து, தினமும் ஒரு சிவப்புத்தாள் வட்டத்தைப் பிள்ளை ஒட்டட்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே அதை ஒட்டிவிடலாம். கரண்ட் தேவையில்லை.

பலகாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தால் கலகலா செய்யுங்கள், பிள்ளைகளுக்கு அதைவிட ஏற்றது இல்லை. மைதா 500 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், நெய் 2 மேசைக்கரண்டி, முட்டை 2, உப்பு ஒரு சிட்டிகை. கெட்டித் தேங்காய்ப்பால் 100 முதல் 150 மி.லி. வரை பிடிக்கும், ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். சர்க்கரை கூடினால் உள்ளே வேகுமுன் வெளியே கருத்துவிடும். நெய் கூடினால் எண்ணெயில் உதிரும். சோடா மாவு போட்டால் வரி அழிந்து வெடிக்கும். ஈரத்துணி மூடி அரைமணி வைத்த பிறகு சுண்டைக்காய் அளவு கிள்ளி, கழுவிய புதுச் சீப்பின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கிச் சுருட்ட வேண்டும்.

பிள்ளைகள் கிள்ளினால் ஒன்று மிளகு அளவு இருக்கும், ஒன்று நெல்லிக்காய் அளவு. இங்கேதான் தாய்மார்கள் பொறுமை இழந்து "விடு, நான் செய்றேன்" என்று வாங்கிக்கொள்கிறார்கள். வாங்காதீர்கள். எண்ணெயில் போடுமுன் மூன்று தட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். சின்னதை ஒரு ஈடு, நடுத்தரத்தை ஒரு ஈடு, பெரியதை அனல் தணித்து ஒரு ஈடு. கலந்து போட்டால்தான் சின்னது கரியும், பெரியது நடுவில் மாவாக நிற்கும். தப்பு பிள்ளையின் கையில் இல்லை, ஒரே ஈட்டில் கொட்டுகிற நம் அவசரத்தில் இருக்கிறது.

முந்திரிக்கொத்து கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. கால் வீசை (சுமார் 400 கிராம்) பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, 300 கிராம் பனைவெல்லம் உருக்கி வடிகட்டி (மண் இருக்கும், கட்டாயம் வடிகட்டுங்கள்), வறுத்த தேங்காய்ப்பூ சேர்த்துக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உருட்ட வேண்டும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் கரையும். உருட்டுவதோடு பிள்ளை வேலை முடிந்தது.

எண்ணெய் ஆபத்து என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, நூற்றுக்கு நூறு சரி. உருட்டுவது ஒரு அறையில், பொரிப்பது வேறு அறையில். இரண்டுக்கும் நடுவில் கதவோ ஒரு பெரியவரோ இருக்க வேண்டும். கரி அடுப்பு என்றால் தரையில் வைத்துப் பொரிக்காதீர்கள், தவழ்கிற குழந்தை உயரம் அது. சன்னலைத் திறந்து வையுங்கள், மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மெழுகுவர்த்தி மாதிரி மினுக்குகிற சின்ன விளக்குகளில் இருக்கிற பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொத்துவிடக் கூடும். மூடியில் திருகாணி இல்லாத விளக்கை வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"இதெல்லாம் விளையாட்டு, பக்தி எங்கே" என்கிறவர்களுக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. மாட்டுத்தொழுவத்தில் கிடத்திய குழந்தையின் பிறந்தநாள் இது.

"அவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள்" என்றும் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அதில் மனம் போகவில்லை. காரணம் சொல்கிறேன். 5 வயதுப் பெண்பிள்ளை ஒன்று, ஊதா நட்சத்திரம் ஒட்டியது, கூடத்துக்குள் வந்து அண்ணாந்து பார்த்தது. ஒரு சுற்று சுற்றிவந்து என் லுங்கியைப் பிடித்து இழுத்து, "சயாமா, என்னது எங்கே?" என்று கேட்டது. சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். மற்றதைப் பர்மியத்தில் இல்லை, தமிழில் கேட்டது.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் பர்மியம், தெருவில் பர்மியம், போனில் பர்மியம். ஞாயிறு மறைக்கல்வியில் 40 நிமிஷம் கரும்பலகையில் அ ஆ எழுதினால் வாய் திறக்காத பிள்ளை, மூங்கிலும் பசையும் கையில் கொடுத்த மூன்று வாரத்தில் "பிடி", "இறுக்கு", "இங்க ஒட்டல", "இன்னும் கொஞ்சம்" என்று பேசியது. கிள்ளு, உருட்டு, அமுக்கு, தடவு, உதறு. இந்தச் சொற்களைப் புத்தகத்தில் படித்து யாருக்காவது வந்திருக்கிறதா? கை வேலை செய்யும்போது வாயில் ஏறுகிற சொற்கள் இவை. நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இந்த மொழி அடுப்படியிலும் திண்ணையிலும்தான் பிழைத்துக் கிடக்கிறது. அங்கேயும் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிட்டால் பிள்ளையிடம் தமிழில் சொல்ல நமக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பின்வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தது, ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

14ஐயும் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 11 நன்றாக இருக்கின்றன. 3இல் தொட்டி ஈரத்தில் தாள் விட்டுப்போயிருக்கிறது, அதில் ஊதாவும் ஒன்று. சனிக்கிழமை மாலை 3 மணிக்கு ஒட்டுகிறோம், பசை நான் காய்ச்சி வைக்கிறேன். பட்டத்தாளில் ஊதா தீர்ந்துவிட்டது. யாராவது சந்தைப் பக்கம் போனால் இரண்டு தாள் வாங்கி வாருங்கள்.