அந்த அறிவிப்பை ஒட்டினால் உங்கள் படங்களுக்குப் பாதுகாப்பு வராது

"நாளை முதல் பேஸ்புக்கில் புதிய விதி. என் படங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று உங்கள் பக்கத்தில் ஒட்டுங்கள்" என்ற செய்தி பல்லடம், சோமனூர் விசைத்தறிக்காரர்கள் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய். 2012லேயே பேஸ்புக் மறுத்த பழைய புரளி. பேஸ்புக்கைப் பயன்படுத்த நாம் சம்மதித்த விதிமுறைதான் செல்லும்.

படம் உங்களுடையதுதான், அதைக் காட்டவும் பகிரவும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருக்கிறோம். பேத்தியின் காதுகுத்துப் படத்தைப் போடும்போது பெயருக்குக் கீழே 'பொது' என்றிருந்தால் 'நண்பர்கள்' என்று மாற்றுங்கள். ஊரெல்லாம் பார்ப்பதை அதுதான் தடுக்கும்.

சரி, பயனர்கள் சேர்ந்தால் எதுவும் நடக்காதா? நடக்கும். 2009 பிப்ரவரியில், கணக்கை நீக்கிய பிறகும் உரிமம் நீடிக்கும்படி பேஸ்புக் நிறுவனத்தார் விதியை மாற்றினார்கள். பல்லாயிரம் பேர் திரண்டு நிறுவனத்திடமே நேராகக் கேள்வி கேட்க, அந்த மாதமே பழைய விதிக்குத் திரும்பினார்கள்.