குறைந்த கூலிக்காக மட்டும் எந்தக் கம்பெனியும் கடல் தாண்டி வருவதில்லை

"வெளிநாட்டுக்காரன் இங்கே வந்து ஏன் பிளாண்ட் போடுறான்? நம்ம ஆளுங்க கம்மி சம்பளத்துக்கு வேலை செய்வாங்க, அவ்வளவுதான்." புதிய தொழிற்சாலை அறிவிப்பு வரும்போதெல்லாம் இதைப் படிக்கிறேன். கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில், கொள்முதல் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் நான். இந்த வாதம் நம்மைத் தவறான கேள்வியைக் கேட்க வைக்கிறது என்பது என் கவலை.

ஒரு காரின் அடக்க விலையில், ஆலை லைனில் நின்று பாகங்களைப் பூட்டிக் காராகச் சேர்ப்பவரின் கூலி சிறிய பங்குதான். பெரும்பங்கு உதிரிபாகங்களுக்குப் போகிறது. அப்படியிருக்க, தென் கொரியாவின் ஹூண்டாய் 1996-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டையைத் தேடி ஏன் வந்தது? முதல் காரணம் இறக்குமதிக் கட்டுப்பாடு. முழுக் காராக இறக்க அப்போது அரசின் உரிமம் வேண்டும், அதற்கு மேல் கனமான சுங்க வரியும் கட்டவேண்டும். இங்கேயே ஆலை போட்டுச் செய்தால் அந்தத் தடை இல்லை. கொரியாவில் செய்து கப்பலில் அனுப்பியிருந்தால் தன் சான்ட்ரோ காரை நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்கு விற்றிருக்கவே முடியாது.

இதிலும் முக்கியமானது, அவர்கள் உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் முழுக்கத் தங்களுக்கே சொந்தமான துணை நிறுவனமாக வந்தது. அப்போது ஃபோர்டு மஹிந்திராவோடும், இன்னொரு கொரியக் கம்பெனியான டேவூ இங்குள்ள டிசிஎம்மோடும் சேர்ந்துதான் வந்தன. கூட்டாளி இல்லையென்றால் தொழில்நுட்பம் வீட்டைவிட்டு வெளியே போகாது, எந்த மாடலை எங்கே செய்வது என்பதைத் தலைமையகமே முடிவுசெய்யலாம். லாபத்தை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரரின் லாபப் பங்காக எடுக்கலாம், தொழில்நுட்பத்துக்கான ராயல்டியாக எடுக்கலாம், தலைமையகம் இந்த ஆலைக்கு விற்கும் பாகங்களின் விலையிலும் எடுக்கலாம். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியாவின் பங்கு வெளியீடு 27,870 கோடி ரூபாய்க்கு நடந்தது. அது முழுக்கத் தாய் நிறுவனம் தன் கைவசப் பங்குகளை விற்றது. அந்தப் பணம் இங்குள்ள ஆலைக்கு வரவில்லை. சட்டப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. துணை நிறுவனம் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

சரி, நமக்கு என்ன மிஞ்சுகிறது? என் பதில்: பாகம் செய்யும் பட்டறைகள். 1997 டிசம்பரில் மத்திய அரசு கார் கம்பெனிகளிடம் ஒரு நிபந்தனை வைத்தது. மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதம் பாகங்கள் உள்நாட்டில் இருக்கவேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, விதி பின்னர் போய்விட்டது. ஆனால் அந்தச் சில வருடங்களில் சீட், பம்பர், வயரிங், பிரஸ் பாகங்கள் செய்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வேர் பிடித்துவிட்டார்கள். விதி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சீட்டும் பம்பரும் இடத்தை அடைக்கும் சரக்கு, தூரத்திலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. லைனில் கார் வரும் வரிசைப்படி சீட் வந்து இறங்கவேண்டும் என்றால் சப்ளையர் பக்கத்திலேதான் இருக்கவேண்டும்.

அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் நோக்கியாவும் 2006-ல் உற்பத்தி தொடங்கியது. செல்போனின் பாகங்கள் கையளவு. விமானத்தில் எங்கிருந்தும் வரும், எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம். அரசோடு வரித் தகராறு முற்றியது, நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர், அதில் ஏராளமான இளம்பெண்கள், வேலை இழந்தார்கள். அவர்களுடைய கூலி அப்போதும் குறைவாகத்தான் இருந்தது! குறைந்த கூலி அந்த ஆலையைக் காப்பாற்றவில்லை.

அதனால்தான் சம்பளத்தை அடக்கி வைத்தால் முதலீடு வரும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோதும் "இப்படிப் பண்ணினா கம்பெனி ஓடிடும்" என்றார்கள். சங்கம் வைத்தால் ஓடும் அளவுக்கு ஒரு ஆலை லேசாக நிற்கிறது என்றால், அந்தக் குறையை நாம் தேடவேண்டிய இடம் தொழிலாளியிடம் இல்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு எண்களைத்தான் சொல்கிறார்கள். இறக்குமதியாகும் பாகம் எவ்வளவு, ஐந்து வருடத்தில் அது எவ்வளவாகக் குறையும், திருமுடிவாக்கத்திலோ அம்பத்தூரிலோ உள்ள ஒரு சிறு பட்டறைக்கு அதில் என்ன ஆர்டர் கிடைக்கும்? உள்நாட்டுப் பாகம் கட்டாயம் என்று இன்று விதி போட முடியாதுதான். ஆனால் நிலமும் மின்சாரச் சலுகையும் கொடுக்கிற அரசு இந்தக் கணக்கை வருடாவருடம் கேட்டு வெளியிடலாம். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்கவேண்டும்.