திரைச்சீலை காணாமல் போகும் பயம்

பழைய மாளிகை, ஆவி, நிதானமான நடை என்று அமைந்த கோதிக் பேய்ப்படங்களை யாருக்குப் பரிந்துரைத்தாலும் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லையே.’ அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாமே நடக்கிறது என்பது என் கட்சி.

அலெஹாந்த்ரோ அமெனாபார் இயக்கத்தில் 2001-இல் வெளிவந்த ‘தி அதர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-இல், ஜெர்சி தீவில், பனிமூட்டம் விலகாத ஒரு பெரிய வீட்டில் இரண்டு குழந்தைகளோடு வாழும் தாயாக நிக்கோல் கிட்மன் நடித்திருப்பார். வெளிச்சம் பட்டால் குழந்தைகளின் உடல் தாங்காது. அதனால் சன்னல்களில் கனத்த திரைச்சீலைகள் தொங்கும், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையும் உண்டு. புதிதாக வந்த வேலைக்காரர்களுக்கு அவர் சாவிகளும் கையுமாக இதை விளக்குவது அவசரக்காரர்களுக்கு அலுப்பூட்டலாம். ஆனால் அந்த வீட்டின் சட்டத்தை அவர் நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார். பின்னால் ஒரு காலையில் திரைச்சீலைகள் அத்தனையும் காணாமல் போகும்போது, பேயும் இல்லாமல் ரத்தமும் இல்லாமல், சன்னல் வழியே வரும் வெறும் பகல் வெளிச்சத்தைப் பார்த்தே நாம் பதறிப்போகிறோம். முன்பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தவருக்கு அது திரைச்சீலை இல்லாத சன்னல், அவ்வளவுதான்.

மெதுவாக நகர்வதே சிறப்பு என்று நான் வாதாடவில்லை. நீண்ட நடைவழியையும் நடிகையின் முதுகையும் மாறி மாறிக் காட்டிவிட்டு, சொல்லித்தர ஒன்றுமே இல்லாமல் முடிந்துபோகும் படங்கள் இப்போது நிறையவே வருகின்றன. அவற்றைத் தூங்கிக்கொண்டு பார்த்தாலும் நஷ்டமில்லை.

இந்த வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய குறுநாவலைத் தழுவி ஜாக் கிளேட்டன் 1961-இல் இயக்கிய ‘தி இன்னொசென்ட்ஸ்’. கறுப்பு வெள்ளைப் படம். தயாரிப்பு நிறுவனம் அகன்ற சினிமாஸ்கோப் திரைதான் வேண்டும் என்றது. மூச்சுத் திணறவைக்க வேண்டிய கதைக்கு அத்தனை அகலம் பொருந்தாதே என்று யோசித்த ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ், ஓரங்களில் வண்ணம் பூசிய ஃபில்டர்களைக் கொண்டு சட்டகத்தின் இரு பக்கங்களையும் இருட்டாக்கினார். விளைவு, மாளிகைக் குழந்தைகளுக்குப் புதிதாக வந்த ஆசிரியையாக நடிக்கும் டெபோரா கெர் மெழுகுவர்த்தியோடு நடக்கும்போது நம் கண் அவர் முகத்தில் நிற்காமல் அந்த இருட்டு ஓரங்களையே துழாவுகிறது. ஆவியோ, பட்டப்பகலில், ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் சும்மா நிற்கிறது. அது ஓடிவந்து பாய்ந்திருந்தால் ஒரு நொடி திடுக்கிட்டு, அடுத்த நொடியே மறந்திருப்பேன்.

இந்தப் படத்தை நான் முதலில் பேருந்துப் பயணத்தில், கைப்பேசியில்தான் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சில மாதங்கள் கழித்து இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் வகுப்பறைக் காட்சி கண்ணில் பட்டது. இறந்துபோன முந்தைய ஆசிரியை மேசையருகே அமர்ந்து அழுகிறாள், கெர் உள்ளே வருகிறார், அவள் மறைந்துவிடுகிறாள். அருகில் போய்ப் பார்த்தால் ஆள் இருந்த சுவடே இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீரைத் தவிர. பேருந்தில் அந்தச் சொட்டை நான் பார்க்கவே இல்லை.