செட்டியாருக்குப் பெத்லகேமில் என்ன வேலை?

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், புதுச்சேரியில் நேரு வீதி, மிஷன் வீதி என எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே முகம்தான். வெள்ளைத் தாடி, சிவப்புத் தொப்பி, முதுகில் பேட்டரி போட ஒரு மூடி. பக்கத்தில் தெர்மாகோல் பனிமனிதன். மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்ட வைக்கும் பனியைத் தவிர வேறு பனியைப் பார்த்திராத ஊரில், பனிமனிதன்! வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க வேறு பொம்மை ஏதாவது இருக்கிறதா என்றால், எல்லோரும் இதைத்தானே வாங்குகிறார்கள் என்று பதில் வருகிறது. வேறு எதையும் கண்ணில் காட்டாவிட்டால் இதைத்தான் வாங்குவார்கள்!

நாட்டுப்புறக் கதைகளிலிருந்து கிறிஸ்துமஸுக்குள் இறங்கி வந்தவர்கள் எத்தனை பேர்! ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தில் பொல்லாத பிள்ளைகளை மிரட்டக் கொம்பும் சங்கிலியுமாக வரும் கிராம்பஸ். இத்தாலியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய இரவு துடைப்பத்தில் பறந்து வரும் பெஃபானா கிழவி. உக்ரைன் ஏழை விதவை வீட்டு மரத்தை வலை பின்னி அலங்கரித்த சிலந்தி. ஸ்பெயினின் கட்டலோனியாவில் குடிலின் மூலையில் கால்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தியிருக்கும் ஓர் ஆளையும் வைக்கிறார்கள். அவரை நான் கேட்கவில்லை. பங்குச் சாமியார் வந்து போகும் வீடு.

ஐஸ்லாந்துக் கதையில் வரும் பதிமூன்று குறும்புச் சகோதரர்களின் பொம்மைகளுக்கு ஆன்லைனில் பணம் கட்டினேன். ஒருவன் கரண்டியை நக்குபவன், ஒருவன் நடு இரவில் கதவை அறைந்து சாத்துபவன், ஒருவன் தொத்திறைச்சி திருடுபவன். ஆளுக்கொரு சேட்டை என்பதுதானே கதையே? பார்சலைப் பிரித்தால் பதிமூன்றும் ஒரே அச்சு. மூக்குவரை இறங்கிய தொப்பி, கண்ணே கிடையாது. கரண்டி எங்கே என்று புகார் எழுதினால், பொருள் உடையாமல் வந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். உள்ளூரில் கிடைப்பதையாவது கொடுக்கலாம் அல்லவா? பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்கள் மூடப்பட, தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் மக்கள் சிறு களிமண் பொம்மைகளால் வீட்டிலேயே குடில் வைத்தார்கள். சாந்தோன் என்று பெயர். மர்செய் நகரில் 1803 முதல் அதற்கென்றே சந்தை கூடுகிறது. ரொட்டிக்காரர், மீன்காரி, சாணை பிடிப்பவர், வியப்பில் இரு கையையும் தூக்கி நிற்கும் வெகுளி என்று ஊரே திரண்டு குழந்தை இயேசுவைப் பார்க்க வரும். நம் கொலுவில் இருக்கும் செட்டியார் கடையும் கல்யாண செட்டும் நாதஸ்வரக் கோஷ்டியும் அவர்களுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். வில்லியனூரில் சுடுமண், திருக்கனூரில் காகிதக்கூழ், இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. கொஞ்சம் தள்ளிப் போனால் பண்ருட்டி பொம்மை. இத்தனைக்கும் நடுவில் பிளாஸ்டிக் கலைமான் விற்கிறார்கள்.

ஒரு பொம்மைக் கடையில் கேட்டேன். கொலுச் சரக்கு பரணுக்குப் போய்விட்டதாம், புரட்டாசிக்கு வரவேண்டுமாம். அண்ணாந்து பார்க்கிறேன்: வைக்கோல் திணித்த கூடை, சுற்றிய செய்தித்தாளின் கிழிசலில் செட்டியாரின் தொப்பை, அதன் முன்னால் மஞ்சள் பூசிய பருப்புக் குவியல். அதோ இருக்கிறாரே என்றால், அது கொலுவுக்கு ஐயா, கிறிஸ்துமஸுக்கு இல்லை என்கிறார். செட்டியாருக்கு ஞானஸ்நானமா கொடுக்கச் சொன்னேன்? விலைதானே கேட்டேன்!

வீட்டில் அத்தை அதற்கு மேல். செட்டியாருக்குப் பெத்லகேமில் என்ன வேலை என்கிறார். அதே குடிலில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் என் தம்பி மகன் நிறுத்தியிருக்கும் பொம்மைத் தீயணைப்பு வண்டி மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

மண் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கார்த்திகை அகல் முடிந்த கையோடு பொங்கல் பானையில் இறங்கிவிடுகிறார்கள். ஒற்றைப் பொம்மைக்காக யார் சக்கரத்தை நிறுத்துவார்கள்? என் ஆத்திரமெல்லாம் சரக்கைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் கடைக்காரர்கள் மேல்தான். ஐயா, பரணைத் திறந்துவிடுங்கள். ஏணியை நானே பிடித்துக்கொள்கிறேன், தூசியையும் நானே தட்டிக்கொள்கிறேன். கொலு விலையையே போடுங்கள். பேரம் பேச மாட்டேன்.