ஃபிரிட்ஜ் மேல் கிடந்த உறை

என் தாய்மாமா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு வெள்ளை உறை ஒரு வருஷத்துக்கு மேலாகக் கிடந்தது. ஒரு பக்கம் தைலப் புட்டி, இன்னொரு பக்கம் விபூதி டப்பா, நடுவில் அது. மலப் பரிசோதனைக் கிட். 50 வயது நிறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகக் கொடுப்பது. அத்தைதான் வாங்கி வந்து வைத்தார். "அதப்போய் குச்சியில தொட்டு, பாட்டில்ல வச்சு, தபால்ல வேற அனுப்பணுமாம். தபால்காரன் என்ன நெனைப்பான்?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

போன வருஷம், 71 வயதில், அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றாம் கட்டம். ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து நான்கு மாதம் கருணைக்கிழங்கு மசியலாகச் சாப்பிட்டிருக்கிறார். எதற்கு என்று அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

நம் வீடுகளில் புற்றுநோயைப் பற்றிப் பேசாமல் இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாம்பார், மைக்ரோவேவ், ஃபோனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவது என்று மணிக்கணக்காகப் பேசுவோம். உடம்பின் கீழ்ப்பகுதி என்று வந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்கிறது. வெற்றிலை பாக்கைப் பற்றியும் பேசமாட்டோம், அது மங்கலப் பொருளாயிற்றே. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. கைனி, குட்கா விற்பனையை சிங்கப்பூர் 2016ல் தடை செய்தது. பாக்கு இன்னும் தாம்பாளத்தில்தான் இருக்கிறது. சரி, அது தனிக் கதை.

கிட்டுக்கு வருகிறேன். அது தேடுவது கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை, அவ்வளவுதான். இரண்டு நாள் இரண்டு மாதிரி. பட்டினி கிடக்க வேண்டாம், ஊசி இல்லை. ரத்தம் இருப்பதாக வந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. கொலனோஸ்கோப்பி செய்து, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயைக் குடலுக்குள் விட்டு, உள்ளே பார்ப்பார்கள். குடல் சுவரில் பாலிப் எனும் சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாறப் பல வருஷம் ஆகும் என்பதால்தான் இந்தச் சோதனைக்கே பலன். கண்டுபிடிப்பதோடு, வராமலே தடுத்துவிடவும் முடிகிறது. ஆனால் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது, வருஷா வருஷம் செய்ய வேண்டும். இன்னொன்று: ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, மலம் போகும் பழக்கம் மாறிவிட்டது என்றால் கிட்டைத் தேடாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் கிட்.

எனக்குக் கோபம் வந்தது இதற்குப் பிறகு நடந்ததில். அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்து என்ன என்று பேசும் நாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம். நடுவில் மொழிபெயர்த்தவன் மச்சான், அவர் மகன். டாக்டர் 'கேன்சர்' என்றால் இவன் 'கட்டி' என்றான். 'கீமோ' என்றால் 'சத்து மருந்து'. அப்பா தாங்கமாட்டார் என்பது அவன் வாதம். துறைமுகத்தில் 40 வருஷம் வேலை பார்த்த மனுஷன். சட்டென்று டாக்டரிடம் மலாயில் கேட்டார்: "டொக்டர், இனி கென்சர் கா?" இது புற்றுநோயா என்று.

அறையில் சத்தமே இல்லை. டாக்டர் மச்சானைப் பார்த்தார், பிறகு மாமாவையே பார்த்து "யா", ஆமாம், என்றார்.

அதற்கப்புறம்தான் நிஜமான பேச்சு நடந்தது. இரண்டு வழி. ஒன்று, கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரையோடு ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றுவது. இன்னொன்று, மாத்திரை மட்டும். ஆக்ஸாலிப்ளாட்டின் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும், சிலருக்கு அது நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட நீடிக்கும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அதைச் சேர்ப்பதால் எவ்வளவு கூடுதல் பலன் என்பது இளையவர்களுக்கு இருக்கிற அளவு தெளிவாக இல்லை. பிள்ளைகள் "இருக்கிறதுலயே ஸ்ட்ராங்கானதக் குடுங்க" என்றார்கள். மாமா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர் அவர். மாத்திரை மட்டும் போதும் என்றார்.

அவர் செய்தது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. 45 வயதில் சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர் மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம், அதுவும் நியாயம். ஆனால் விரல் மரத்துப்போனால் தன் வாழ்க்கையில் எது போகும் என்பது அந்த அறையில் இருந்தவர்களில் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரிடமே மறைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பணத்தையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். செப்டம்பர் 2022 முதல், வெளிநோயாளியாகப் பெறும் புற்றுநோய் மருந்துகளுக்கு சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்பீடான மெடிஷீல்ட் லைஃப் ஓர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலை வைத்துத்தான் பணம் கொடுக்கிறது. ஏப்ரல் 2023லிருந்து அதற்கு மேல் எடுக்கும் தனியார் ஷீல்ட் காப்பீட்டுத் திட்டங்களும் அந்தப் பட்டியலை ஒட்டியே போகின்றன. கூடுதலாக ரைடர் எனும் துணைக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. "இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று உட்கார்ந்துவிடாமல், இந்த மருந்து, என் வகைப் புற்றுநோய்க்கு, பட்டியலில் இருக்கிறதா என்று சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். பண உதவிக்கு வழி சொல்லும் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். அது பிச்சை இல்லை.

இதற்கிடையே குடும்ப வாட்ஸ்அப்பில் முள்சீத்தாப்பழம் வந்துவிட்டது. கீமோவைவிட பத்தாயிரம் மடங்கு சக்தியாம். ஆய்வகக் கண்ணாடிக் குழாயில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது ப்ளீச்சாலும் முடியும். மனுஷ உடம்பில் அது புற்றைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. ஆசைக்கு ஒரு பழம் சாப்பிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. இலைக் கஷாயம், கேப்சூல் என்று போனால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை.

மாமா மாத்திரைகளை முடித்துவிட்டார். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது, நடுவில் ஒரு தடவை அளவைக் குறைத்தார்கள். இப்போது பரிசோதனைகளுக்குப் போய் வருகிறார். பஜனையில் வேகமாகத்தான் வாசிக்கிறார், பாடுகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

மச்சானுக்கு இப்போது 49. அப்பாவுக்கு வந்திருப்பதால் அவனுக்குக் கிட் போதுமா, நேராகக் கொலனோஸ்கோப்பியா, எப்போது என்று டாக்டரைக் கேட்கச் சொன்னேன். "அடுத்த வாரம்டா" என்றான். இது மூன்றாவது அடுத்த வாரம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவன் ஃபேஸ்புக் மட்டும் தவறாமல் பார்ப்பான்.