ஏரிக்கரைப் புதர் குப்பை இல்லை

கோடைத் தொடக்கத்தில் பறவை பார்க்கப் போனால் எல்லாருடைய பைனாகுலரும் தண்ணீர்ப் பக்கமே திரும்புகிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

தண்ணீரிலும் பார்க்க நிறைய இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வலசை வந்த வாத்துகள் பெரும்பாலும் வடக்கே கிளம்பியிருக்கும். வற்றிய கரைச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிட்டுவிட்டு, யார் கிட்டே வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். வெயில் கடுமையானால் தண்ணீரில் இறங்கி வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இது கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறெதுவும் கிடைக்காவிட்டாலும் எனக்குப் போதும்.

சரி, வெயில் சுள்ளென்று ஏறியதும் ஏரி அடங்கிவிடும். பாதிப் பேர் வண்டியை எடுத்துவிடுவார்கள். நான் நொச்சியும் சூரைமுள்ளும் நாணலும் பின்னிக் கிடக்கிற பக்கம் நகர்வேன். அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. விடாமல் கத்துகிற தையல்சிட்டைக் குரலை வைத்துத்தான் தேட வேண்டும். கூடு கிடைத்தால் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இலை விளிம்பில் அலகால் துளை போட்டுப் பஞ்சையும் சிலந்தி நூலையும் செருகியிருக்கும். நுனி வெளியே பிரிந்து பூத்து நிற்பதால் முடிச்சே இல்லாமல் தையல் பிடித்துக்கொள்கிறது.

அதே புதருக்குள் 'டக்... டக்' என்று நாக்கைச் சொடுக்குவது போலக் கேட்டால், அது பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். மங்கிய பழுப்பு நிறம், யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையை வைத்துக்கொண்டு இனப்பெருக்கத்துக்கு மத்திய ஆசியாவுக்குப் போகிறது, சில பின்லாந்து வரைக்கும்கூட. அந்தப் பயணத்துக்கான கொழுப்பு இந்தப் புதரின் பூச்சியிலும் சிலந்தியிலும் சேர்கிறது.

ஏரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வருகிறவர்கள் முதலில் மொட்டையடிப்பது இதைத்தான். பொக்லைன் வரும், அப்புறம் நடைபாதை, கல் பெஞ்சு, வரிசையாக அழகுச்செடி. கானாங்கோழி கரையோரம் மேய்வதே, ஆள் வந்தால் ஓடி ஒளியப் புதர் இருக்கிற தைரியத்தில்தான். தண்ணீர் அப்படியே இருக்க, பறவையை மட்டும் காணோம் என்று பிறகு வருத்தப்படுவார்கள்.

ஈரநிலத்துக்கு 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் உலக ஒப்பந்தமே போட்டார்கள். அந்த நாளை ஈரநில நாளாகவும் கொண்டாடுகிறோம். அதே ஒப்பந்தம், ஈரநிலத்தின் எல்லைக்குள் அதை ஒட்டிய கரைப்பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. நம் ஆட்களுக்கு எல்லை தண்ணீரோடு முடிந்துவிடுகிறது.

சீமைக்கருவேலத்தையும் விட்டுவைக்கணுமா என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் கூடு இருக்கிறது. கூட்டுக் காலம் முடிந்தபிறகு பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நாட்டுக்கருவையும் நொச்சியும் தலையெடுத்தபின் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஒரே வாரத்தில் வழித்தெடுக்க என்ன அவசரம்?

இன்னொன்று. போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வெளியே இழுக்கிற பழக்கம் பெருகிவிட்டது. எல்லைக்குள் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டு வேலையை விட்டுவிட்டு அது சண்டைக்கு வந்து நிற்கும். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். புதர் முன்னால் கால் மணி நேரம் சும்மா உட்கார முடியாதவர்கள், தயவுசெய்து தண்ணீர்ப் பக்கமே இருந்துகொள்ளுங்கள்.